எஸ்க்யூஎல்லா, சீக்வெல்லா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். தரவுத்தளத்திடம், அதாவது கணினியில் தகவல்களை ஒழுங்காகச் சேர்த்து வைக்கும் கிடங்கிடம், வேண்டியதைக் கேட்டு வாங்கும் கணினி மொழியைக் கல்லூரியில் நான்கு வருடமும் "எஸ்க்யூஎல்" என்றே படித்தீர்கள். ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் எதிரே இருந்தவர் "சீக்வெல் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். நாம் படிக்காத ஏதோ ஒரு மென்பொருள் போல என்று நினைத்து, "தெரியாது சார்" என்று சொல்லியிருக்கிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்து விஷயம் புரிந்து, "எஸ்க்யூஎல்லையா சார் கேட்டீங்க?" என்றதும் அவர் சிரித்துவிட்டு, "தொழில்ல இருக்கிற யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றாராம். எது சரியான உச்சரிப்பு, இனி எப்படிச் சொல்வது என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் சரி. "யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்று உங்களிடம் சொன்னாரே, அதுதான் தவறு. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாகத் தரவுத்தளங்களோடுதான் என் வேலை. இரண்டு விதமாகச் சொல்பவர்களோடும் வேலை செய்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் இந்தத் துறையைக் கரைத்துக் குடித்தவர்கள் இருந்தார்கள். ஒரே பெயருக்கு இரண்டு உச்சரிப்பு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை யாராவது சிரித்தாலும் உங்களுக்குக் கூச்சம் வராது. அதனால் கதையை ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஐபிஎம் நிறுவனத்துக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே வேலை பார்த்த எட்கர் காட் என்ற ஆங்கிலேயர் 1970 ஜூனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தவர், இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தவர். தரவுகளையெல்லாம் அட்டவணைகளாக வைக்கலாம், வேண்டியதை எடுப்பதற்குக் கணிதத்தையே பயன்படுத்தலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். அதற்கு முன்பெல்லாம் ஒரு தகவல் வேண்டுமென்றால், அது கணினிக்குள் எங்கே இருக்கிறது, அங்கிருந்து எந்தச் சுட்டியை, அதாவது இடம் காட்டும் குறிப்பை, பிடித்து அடுத்த தகவலுக்குப் போவது என்று வழி முழுவதையும் நிரல் எழுதுபவரே எழுத வேண்டும்.

டொனால்ட் சேம்பர்லின் அப்போது நியூயார்க் மாநிலத்தில், யார்க்டவுன் ஹைட்ஸில் இருக்கும் ஐபிஎம் ஆராய்ச்சி மையத்தில் இருந்தார். காட் பேசியதைக் கேட்ட அனுபவத்தைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். "தன் மேலாளரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் யார் யார்?" என்பது போன்ற கேள்விகளைக் காட் ஒவ்வொரு வரியில் எழுதிக்கொண்டே போனாராம். பழைய முறையில் அதற்கெல்லாம் ஐந்து பக்க நிரல் தேவைப்படும் என்று சேம்பர்லினுக்குத் தெரியும். அந்த இடத்திலேயே அவர் காட் பக்கம் வந்துவிட்டார்.

ஆனால் காட் எழுதிய அந்த ஒற்றை வரி கணிதக் குறிகளால் ஆனது. கணிதம் படித்தவருக்குத்தான் புரியும். சேம்பர்லினும் அவருடைய கூட்டாளி ரேமண்ட் பாய்ஸும் அதை எளிமையாக்க முயன்றார்கள். முதலில் செய்ததற்கு "ஸ்கொயர்" என்று பெயர். அதில் ஒரு சிக்கல்: பெயர்களுக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு பெயரை எழுத வேண்டும். தாளில் எழுதலாம், சாதாரண விசைப்பலகையில் தட்ட முடியாது. 1973-இல் இருவரும் சான் ஹோசேக்கு மாறினார்கள். அங்கே போனபின் அதையே செலக்ட், ஃப்ரம், வேர் என்று சாதாரண ஆங்கிலச் சொற்களை வைத்து எழுதினார்கள். "ஸ்ட்ரக்சர்ட் இங்கிலீஷ் க்வெரி லேங்க்வேஜ்" என்ற விரிவிலிருந்து எழுத்துகளை எடுத்துச் "சீக்வெல்" என்று பெயர் வைத்தார்கள். சினிமாப் பேச்சில் இரண்டாம் பாகத்தைச் சீக்வெல் என்கிறோமே, அதே சொல். ஸ்கொயருக்கு அடுத்து வந்த மொழிக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்தியது.

அந்த விரிவில் "இங்கிலீஷ்" என்று ஒரு சொல் இருப்பதைக் கவனியுங்கள். அதுதான் அவர்களுடைய நோக்கம். நிரல் எழுதத் தெரியாத, ஆனால் தன் வேலைக்குத் தகவல் தேவைப்படும் ஒருவர், தானே உட்கார்ந்து கணினியிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று விரும்பினார்கள். வெறும் விருப்பத்தோடு நிறுத்தவும் இல்லை. ஃபில்லிஸ் ரைஸ்னர் என்ற ஆய்வாளர் ஸ்கொயரையும் சீக்வெல்லையும் கல்லூரி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்துச் சோதித்தார். அவர்களில் நிரல் எழுதவே தெரியாதவர்களும் இருந்தார்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், எது எளிதாக ஏறுகிறது என்று பார்த்து எழுதி வைத்தார்கள். ஒரு கணினி மொழியை மனிதர்களிடம் கொடுத்து முறையாகச் சோதித்துப் பார்த்த ஆரம்ப காலச் சோதனைகளில் அது ஒன்று. உள்ளே வர முடியாமல் நின்றவர்களுக்குக் கதவைத் திறப்பதற்காகப் பிறந்த மொழி இது. அதன் பெயரை எப்படிச் சொல்கிறார் என்பதை வைத்து ஒருவரை வெளியே நிறுத்துவது எனக்குப் பெரிய வருத்தம்.

1974 மே மாதம், மிஷிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் நடந்த மாநாட்டில் சீக்வெல் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அடுத்த சில வாரங்களில் பாய்ஸ் இறந்துபோனார். மூளையில் இரத்தக்குழாய்ப் பாதிப்பு. முப்பது வயதுகூட ஆகவில்லை. உங்கள் தரவுத்தளப் பாடத்தில் "பாய்ஸ்-காட் நார்மல் ஃபார்ம்" படித்திருப்பீர்கள், அந்தப் பாய்ஸ் இவர்தான். தான் உருவாக்கிய மொழி உலகம் முழுவதும் பரவியதை அவர் பார்க்கவே இல்லை. அந்த மொழிக்குப் பெயர் மாறியதும் அவருக்குத் தெரியாது.

பெயர் ஏன் மாறியது? பிரிட்டனில் ஹாக்கர் சிட்லி என்று ஒரு பெரிய விமான நிறுவனக் குழுமம். நம் நாட்டுக்குக்கூடப் பழக்கமான பெயர்தான். கான்பூரில் எச்ஏஎல் தயாரித்த, விமானப்படையும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஓட்டிய அவ்ரோ விமானம் அந்தக் குழுமத்தின் வடிவமைப்பு. அந்தக் குழுமத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம் "சீக்வெல்" என்ற சொல்லை ஏற்கெனவே வணிகச் சின்னமாகப் பதிந்து வைத்திருந்தது. 1976-இல் வந்த அடுத்த கட்டுரை வரைக்கும் சீக்வெல் என்ற பெயரே இருந்தது. அதன் பிறகு ஐபிஎம் அந்தப் பெயரைக் கைவிட்டது.

எப்படிக் கைவிட்டார்கள் என்பதுதான் இந்தச் சண்டைக்கே வேர். புதிதாக ஒரு பெயர் தேடியிருந்தால் இன்று நீங்கள் என்னிடம் கேள்வி கேட்கவே வேண்டியிருக்காது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஆங்கிலத்தில் சீக்வெல் என்று எழுத ஆறு எழுத்து: எஸ், ஈ, க்யூ, யூ, ஈ, எல். அதில் ஈ, யூ, ஈ என்ற மூன்று உயிரெழுத்துகளையும் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது எஸ், க்யூ, எல். உயிர் போய் மெய் மட்டும் நின்றது. விரிவிலிருந்தும் "இங்கிலீஷ்" போய், "ஸ்ட்ரக்சர்ட் க்வெரி லேங்க்வேஜ்" ஆனது. தாளில் பெயர் மாறிவிட்டது. ஆனால் மூன்று நான்கு வருடமாகத் தினமும் சீக்வெல், சீக்வெல் என்று பேசிக்கொண்டிருந்த ஆராய்ச்சிக்கூடத்தில், சட்டத்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்ததற்காக வாய்ப் பழக்கம் மாறிவிடுமா? மெட்ராஸ் சென்னையாகி எத்தனை வருடம் ஆகிறது! இன்னும் "மெட்ராஸுக்குப் போறேன்" என்பவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். எழுதும்போது புதுப் பெயர், பேசும்போது பழைய பெயர். அங்கேயும் அதுதான் நடந்தது.

ஆக, சீக்வெல் என்பது பின்னால் வந்த செல்லப் பெயர் இல்லை. அதுதான் முதல் பெயர். அதே சமயம் எஸ்க்யூஎல் என்பது தெரியாதவர்கள் எழுத்துக்கூட்டிச் சொல்லும் பெயரும் இல்லை. பெயர் மாறிய பிறகு அதிகாரபூர்வமாக நிற்பது அந்த மூன்று எழுத்துதான். 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனமும் 1987-இல் சர்வதேசத் தர அமைப்பும் இந்த மொழியைத் தரப்படுத்தின. தரத்தின் தலைப்பிலும் அந்த மூன்று எழுத்து மட்டுமே உண்டு, விரிவு கிடையாது. சேம்பர்லினிடமே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு உச்சரிப்பும் பரவலாக இருக்கிறது, எது அதிகாரபூர்வமானது என்று கேட்டால் தரத்தைத்தான் காட்ட வேண்டும், அதில் எழுத்தெழுத்தாகத்தான் இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். பெற்றவரே உரிமை கொண்டாடாத இடத்தில் மற்றவர்கள் வரிந்துகட்டுவது எதற்கு?

இன்னொரு கதையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜீன் வாங்கும் "இன்கிரஸ்" என்ற தரவுத்தளத்தை உருவாக்கினார்கள். அதன் மொழிக்கு "க்வெல்" என்று பெயர். அந்தக் க்வெல்லுக்கு அடுத்தது என்பதால் சீக்வெல் என்று வைத்தார்கள் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 1974 மே மாதமே சீக்வெல் அச்சில் வந்துவிட்டது. அதனால் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

சரி, இந்த இரண்டு உச்சரிப்பும் உலகத்தில் எப்படிப் பரவின? ஒருவர் எந்த மென்பொருளைத் தொட்டு வளர்ந்தார் என்பதை வைத்துப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். இந்த மொழியை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஐபிஎம் இல்லை. பின்னாளில் ஆரக்கிள் என்று பெயர் மாற்றிக்கொண்ட சிறிய நிறுவனம். ஐபிஎம்மின் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, 1979-இலேயே விற்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐபிஎம் 1981-இல்தான் வந்தது. ஆரக்கிள் உலகத்தில் சீக்வெல்தான். அவர்களுடைய கையேட்டிலேயே மூன்று எழுத்தையும் போட்டுவிட்டு, "சீக்வெல் என்று உச்சரிக்க வேண்டும்" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பார்கள். அதனால்தான் ஆரக்கிள் ஆட்கள் தங்கள் நிரல்மொழியையும் கருவியையும் "பிஎல் சீக்வெல்", "சீக்வெல் ப்ளஸ்" என்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் பக்கமும் அப்படியே. 1989-இல் சைபேஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் கொண்டுவந்த தரவுத்தள சர்வருக்குச் "சீக்வெல் சர்வர்" என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதை "எஸ்க்யூஎல் சர்வர்" என்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் அந்தக் கூட்டத்தில் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள். 1995-இல் ஸ்வீடனில் தொடங்கியது. மான்டி விடேனியஸ் என்ற பின்லாந்துக்காரர் தன் மகள் "மை"யின் பெயரை அதற்கு வைத்தார். நாம் "என்னுடைய" என்ற ஆங்கிலச் சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கும் முதல் பாதி ஒரு குழந்தையின் பெயர்! அவர்கள் ஊரில் அந்தப் பெயரின் உச்சரிப்பும் நம்முடையது மாதிரி இருக்காது, "ம்யூ" என்பதற்குப் பக்கத்தில் வரும். இந்த மென்பொருளின் கையேடு தெளிவாகச் சொல்கிறது: அதிகாரபூர்வ உச்சரிப்பு "மை எஸ் க்யூ எல்", "மை சீக்வெல்" இல்லை, ஆனாலும் நீங்கள் மை சீக்வெல் என்றோ உங்கள் ஊர் வழக்கப்படி வேறு விதமாகவோ சொன்னால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. இந்த விஷயத்தில் இதுவரை யாரும் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உரிமை தங்களுக்கே இருந்தும், வேறு விதமாகச் சொல்பவருக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

2010-இல் மைஎஸ்க்யூஎல் ஆரக்கிள் கைக்குப் போனது. அதனால் இன்று ஒரே நிறுவனம், ஒரு கையேட்டில் சீக்வெல் என்றும் இன்னொரு கையேட்டில் எஸ் க்யூ எல் என்றும் எழுதிக்கொண்டிருக்கிறது. உங்களைப் பார்த்துச் சிரித்தவரிடம் இதைச் சொல்லியிருந்தாலே போதும். பயனர்கள் பக்கமும் இதே கலவைதான். மேக் கணினியில் மைஎஸ்க்யூஎல்லைக் கையாளப் பலரும் பயன்படுத்திய கருவிக்குச் "சீக்வெல் ப்ரோ" என்று பெயர்.

போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் கதை வேறு. இன்கிரஸுக்கு அடுத்து ஸ்டோன்பிரேக்கர் செய்ததால் "போஸ்ட்கிரஸ்". 1990களின் நடுவில் அதற்குள் எஸ்க்யூஎல் வந்து சேர்ந்தது. 1996-இல் பெயரையும் ஒட்டிவிட்டார்கள். போஸ்ட்கிரஸின் கடைசி எஸ்ஸும் எஸ்க்யூஎல்லின் முதல் எஸ்ஸும் ஒன்றாகிவிட்டன. அதனால் "போஸ்ட்-கிரஸ்-க்யூ-எல்" என்று சொல்ல வேண்டும் என்று அவர்களே எழுதி, எப்படிச் சொல்வது என்று ஓர் ஒலிப்பதிவையும் வைத்தார்கள். நடைமுறையில் எல்லோரும் போஸ்ட்கிரஸ் என்று முடித்துக்கொள்கிறார்கள். இதில் சீக்வெல் நுழையவே இடமில்லை. கடைசியாக, உங்கள் கைபேசிக்குள்ளேயே இருக்கும் எஸ்க்யூஎல்லைட் என்ற சிறிய தரவுத்தளம். அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப், கிரானைட், கிராஃபைட் என்று கனிமங்களுக்குப் பெயர் முடிவது போல "எஸ்-க்யூ-எல்-ஐட்" என்கிறார். உலகம் "சீக்வெல் லைட்" என்கிறது. அவர் யாரோடும் சண்டைக்குப் போனதாகத் தெரியவில்லை.

ஒருவர் எந்தப் பக்கம் என்று அவர் வாயைத் திறக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தமிழில் உயிரெழுத்துக்கு முன் "ஓர்", மெய்யோசைக்கு முன் "ஒரு" என்று பள்ளியில் படித்தோமே, ஆங்கிலத்திலும் "எ", "ஆன்" என்று அதே மாதிரி உண்டு. அந்த மூன்று எழுத்துக்கு முன் "ஆன்" போட்டிருந்தால் எழுதியவர் மனதுக்குள் எஸ் க்யூ எல் என்று படிக்கிறார். "எ" போட்டிருந்தால் சீக்வெல் என்று படிக்கிறார். ஆரக்கிள் கையேட்டில் "எ" இருக்கும், மைஎஸ்க்யூஎல் கையேட்டில் "ஆன்" இருக்கும். தமிழிலும் இலக்கணம் பார்த்து எழுதினால் "ஓர் எஸ்க்யூஎல் வினவல்", "ஒரு சீக்வெல் வினவல்" என்று மாட்டிக்கொள்வோம் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விதான் வினவல்). உங்கள் சுயவிவரத்தில் இரண்டையும் கலக்காமல் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதும்போது மூன்று எழுத்தாகத்தான் எழுத வேண்டும். சீக்வெல் என்று விரித்து எழுதினால் வேறு எதையோ குறிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நம் மாணவர்கள் ஏன் பெரும்பாலும் எஸ்க்யூஎல் என்கிறார்கள்? இதில் அறியாமை எதுவும் இல்லை, நல்ல மொழியறிவு இருக்கிறது. நம் ஊரில் சுருக்கப் பெயர்களை எப்படிப் படிக்கிறோம் பாருங்கள். டாஸ்மாக், சிப்காட், இஸ்ரோ என்பவற்றைச் சொல்லாகவே படிக்கிறோம். டிஎன்பிஎஸ்சி, என்எல்சி என்பவற்றை எழுத்தெழுத்தாகச் சொல்கிறோம். யாரும் நமக்கு விதி சொல்லித் தரவில்லை. நடுவில் உயிரெழுத்து இருந்து நாக்கு புரண்டால் சொல், இல்லையென்றால் எழுத்து. எஸ், க்யூ, எல் மூன்றிலும் உயிரெழுத்து இல்லை. கதை தெரியாத யாருக்கும் அதை எழுத்தெழுத்தாகப் படிக்கத்தான் தோன்றும், தோன்றவும் வேண்டும். சீக்வெல் என்று சொல்ல ஒரே வழி, யாராவது சொல்லக் கேட்டிருக்க வேண்டும். புத்தகத்திலும் திரையிலும் பார்த்துத் தானாகப் படித்தவர் எழுத்தைச் சொல்கிறார்; அலுவலகத்தில் காதால் கேட்டவர் கேட்டதைச் சொல்கிறார். இரண்டாமவருக்கு அலுவலகத்தில் கால் வைக்கும் வாய்ப்பு முன்னாலேயே கிடைத்தது. இருவருக்கும் நடுவில் வேறு வித்தியாசம் எதையும் நான் பார்த்ததில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் மாதிரி நேர்காணல் நடத்தப் போயிருந்தேன். நான் சீக்வெல் என்று கேட்டேன். அந்தப் பெண் திருதிருவென்று விழித்தார். நல்லவேளை, பக்கத்தில் இருந்த ஆசிரியை எஸ்க்யூஎல் என்று எடுத்துச் சொன்னார். அடுத்த அரை மணி நேரம் அந்தப் பெண் எழுதிக் காட்டிய வினவல்கள் என் அலுவலகத்தில் பலரும் எழுதுவதைவிட நன்றாக இருந்தன. ஆசிரியை அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் "தெரியாது" என்று குறித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பேன். அன்றிலிருந்து நேர்காணலில் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.

மற்ற சுருக்கப் பெயர்களிலும் இப்படி உண்டு. படக்கோப்பு வடிவமான ஜிஃப் உங்களுக்குத் தெரியும். 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் அதை உருவாக்கிய ஸ்டீவ் வில்ஹைட், 2013-இல் வெபி விருது வாங்கிய மேடையில்கூட "ஜிஃப்தான், கிஃப் இல்லை" என்று திரையில் காட்டினார். அப்படியும் பாதி உலகம் கேட்கவில்லை. அகராதிகள் இரண்டையும் போடுகின்றன. தமிழில் எழுதும்போது ஜகரமா ககரமா என்று எழுத்திலேயே முடிவு செய்தாக வேண்டியிருப்பதால், நாம் தப்பிக்கவும் முடியாது. உருவாக்கியவர் சொன்னால்கூடத் தீராத விஷயம் என்பதற்காக இதைச் சொன்னேன்.

ஆனால் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அடிக்கடி தேவைப்படும் தரவைக் கணினி பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும் இடத்தைக் குறிக்கும் "கேஷ்" என்ற சொல்லை நம் கல்லூரிகளில் "கேச்சே" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சுருக்கப் பெயர் இல்லை, பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பணத்தைக் குறிக்கும் "கேஷ்" போலத்தான் சொல்ல வேண்டும். அங்கே திருத்திக்கொள்ளுங்கள். இங்கே திருத்திக்கொள்ள எதுவும் இல்லை.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், மொழியைப் பற்றிப் பேசும்போது எஸ்க்யூஎல் என்கிறேன். புதிதாகப் படிப்பவருக்குக் காதில் விழுவதும் திரையில் தெரிவதும் ஒன்றாக இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. தரவுத்தளத்தில் வரிசை எண்களை உருவாக்கித் தரும் ஒன்றுக்குச் "சீக்வென்ஸ்" என்று பெயர். ஒருநாள் நள்ளிரவில் இன்னொரு ஊரிலிருந்து சக ஊழியர் தொலைபேசியில் "சீக்வெல்லில்தான் பிரச்சினை" என்றார். இணைப்பு சரியில்லை. எனக்குச் "சீக்வென்ஸ்" என்று விழுந்தது. இருபது நிமிடம் நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு இடத்தை. அவர் சொன்னது அவர் எழுதிய வினவலை. அதற்குப் பிறகு தொலைபேசியில் எழுத்தெழுத்தாகத்தான் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் சர்வரை மட்டும் எல்லோரையும் போலச் சீக்வெல் சர்வர் என்பேன். பெயர் வைத்தவர்கள், அதோடு வாழ்பவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படிக் கூப்பிடுவது மரியாதை என்று நினைக்கிறேன். மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரஸும் அப்படியே.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. அவர் எப்படிச் சொல்கிறாரோ அதைப் புரிந்துகொள்ளுங்கள், உங்களுக்குப் பழகியபடி பதில் சொல்லுங்கள். நடுவில் அவருடைய உச்சரிப்புக்கு மாறினாலும் குற்றமில்லை. யாராவது திருத்த வந்தால், "முதல் பெயர் சீக்வெல், வணிகச் சின்னப் பிரச்சினையால் எஸ்க்யூஎல் ஆனது, இரண்டும் வழக்கில் இருக்கிறது சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். காதுக்கு அறிமுகமில்லாத பெயர் எதைக் கேட்டாலும் உடனே "தெரியாது" என்று சொல்லாமல், "எழுத்தெழுத்தாகச் சொல்ல முடியுமா சார்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது இந்தத் தொழிலில் சாதாரணம். நாங்கள் தினமும் கேட்கிறோம்.

அடுத்த நேர்காணலுக்கு முன் ஒரு வினவலை மட்டும் எழுதிப் பழகிவிட்டுப் போங்கள். காட் எழுதிக் காட்டினார் என்றேனே, மேலாளரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள்! ஐம்பது வருடம் கழித்தும் புதியவர்களிடம் அதையேதான் கேட்கிறார்கள். ஊழியர் அட்டவணை ஒன்றுதான் கொடுப்பார்கள். அதையே இரண்டு முறை எடுத்து, ஒன்றுக்கு ஊழியர் என்றும் இன்னொன்றுக்கு மேலாளர் என்றும் பெயர் வைத்து, முதலாவதில் இருக்கும் மேலாளர் எண்ணை இரண்டாவதில் இருக்கும் ஊழியர் எண்ணோடு பொருத்திவிட்டுச் சம்பளத்தை ஒப்பிட வேண்டும். நிறுவனத்தின் தலைவருக்கு மேலாளர் எண் காலியாக இருக்கும். அவர் பெயர் அந்தப் பட்டியலில் ஏன் வரவே வராது என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் அதுதான்.